கெட்டிமேளம் இல்லாத கல்யாணம்

ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டுக் கொடுத்தீங்களே, அதுவே பெரிய உபகாரம். எல்லாரும் கொடுக்க மாட்டாங்க. போன மாசம் ஒருத்தர், "இருபத்துமூணு வயசுப் பொண்ணுக்கு ஜன்னல் எதுக்கு, வேடிக்கை பார்க்கவா"ன்னு கேட்டார். டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசை, ஜன்னலோரம். அது கிடைக்கலைன்னா இவ பஸ் ஏற மாட்டா. ஏன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டுப் பார்க்காத கேள்வியா.

பேர் மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவோம். ஆட்டிசம். இப்ப எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியுது. அப்ப நான் கூட்டிப் போன டாக்டர், "செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கீங்க"ன்னு சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். அதையும் ஒரு வருஷம் ஊத்தினேன்.

மடியில வச்சிருக்காளே, அதைத்தானே பார்க்கிறீங்க? ஆமா, சின்னப் பிள்ளைச் செருப்பு. ரோஸ் கலர். கேட்டுடாதீங்க, தர மாட்டா. அதைக் கொடுக்கத்தான் சாத்தூர் போறோம். செருப்புக்கு அப்புறம் வாரேன். முதல்ல பூட்டைச் சொல்லணும்.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு அண்ணன். அவர் பெண்டாட்டி சொர்ணம். வீடு சாத்தூர்ல. முறைக்கு எனக்கு அக்கா, அக்கான்னுதான் கூப்பிடுவேன். கூப்பிடறதுல என்ன இருக்கு. அவளுக்கு ஒரே மக, ரேகா. ஏழு வருஷத்துக்கு முன்னால ரேகாவுக்குக் கல்யாணம். கோவில்பட்டி மண்டபம். இப்ப தாண்டி வந்தோமே, பஸ்ல கடலை மிட்டாய் விக்க ஏறினாங்களே, அந்த ஊர்தான். மண்டபம் உள்ள தள்ளி இருக்கு, ரோட்டுல இருந்து பார்த்தா தெரியாது.

முகூர்த்தத்தன்னைக்குக் காலையில சொர்ணம் என் பக்கத்துல வந்தா. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. குரலைத் தணிச்சுக்கிட்டு, "வடிவு, தப்பா எடுத்துக்காத. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க புதுசு. அரசி நடுவுல சத்தம் போட்டா, இந்த வீட்டு ரத்தத்துலேயே இது இருக்குன்னு பேசிடுவாங்க. மாடியில கடைசி அறை நல்ல காத்தோட்டம். நீயும் அவளும் அங்க இருங்க. இலைச் சாப்பாடு மேலேயே வந்துடும்"னா.

நான் என்ன சொன்னேன்கிறீங்க? "சரிக்கா"ன்னேன். அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறலை. அவ சொன்னதுகூட இல்லை. நான் சரிக்கான்னு சொன்னது.

உள்ள போனோம். வெளிய நாதாங்கி போடுற சத்தம். அப்புறம் பூட்டு. "தெரியாதவங்க யாரும் திறந்துடக் கூடாதுல்ல"ன்னு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்றா. எப்படிக் கரிசனம் பாருங்க.

கெட்டிமேளம் ஆரம்பிச்சுது. சரியா எங்க காலுக்குக் கீழ மேடை. தவில் அடிச்சா தரை அதிருது. இவளுக்குச் சத்தம்னா நமக்குக் கேட்கிற மாதிரி இல்லை. ஹெலன் டீச்சர் சொல்வாங்க, பாளையங்கோட்டையில இவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். "நம்ம காதுல விழுறது இவ உடம்புல விழுது"ன்னு. அன்னைக்கு அதைப் பார்த்தேன். கையை விரிச்சு வச்சுக் கதவைத் தட்டினா. தப் தப் தப். நிறுத்துவா. மறுபடியும் தப் தப் தப். "அரசி உள்ள இருக்கா. கதவைத் திற. அரசி உள்ள இருக்கா. கதவைத் திற." நாப்பது நிமிஷம். கீழ முந்நூறு பேர். ஒருத்தன் காதுல விழலை. மேளம் அவ்வளவு நல்ல மேளம்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்துதுன்னா, சின்ன வயசுல ஒரு தடவை குளியலறைக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. வெளிய நின்னு எங்க வீட்டுக்காரரைப் பார்த்து நான் அலறினது அது. அப்படியே எடுத்து வச்சுக்கிட்டா. இவ பேச்செல்லாம் அப்படித்தான், எங்கேயோ கேட்ட பேச்சு. கண்டக்டர் சொன்னது, டிவியில சோப்பு விக்கிறவ சொன்னது. ஆனா இடம் பார்த்துத்தான் எடுப்பா. ஹெலன் டீச்சர் என்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தாங்க: "கேட்ட வாக்கியத்துல ஒரே ஒரு வார்த்தையை எடுத்துட்டு, தானா வேற வார்த்தையைப் போட்டான்னு வைங்க, அன்னைக்கு எனக்கு போன் பண்ணுங்க. எந்த நேரமானாலும் சரி." அதுக்காகப் பதினோரு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். ஞாபகம் வச்சுக்கோங்க, இதைத் திரும்பச் சொல்லுவேன்.

சாயங்காலம் கதவைத் திறந்து விட்டாங்க. எல்லாரும் சாமான் கட்டுற மும்முரத்துல இருந்தாங்க. நாதாங்கியில பூட்டு தொங்குது, சாவியோட. எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். வீட்டுல அரிசி டின்னுக்குள்ள வச்சேன். தினம் அரிசி எடுக்கும்போது கையில தட்டுப்படும். ஏழு வருஷம். எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் பார்த்துட்டு, "இது எதுக்கு வடிவு"ன்னார். "வண்டு வராம இருக்க"ன்னேன்.

உங்க பக்கம் வழக்கம் எப்படியோ, எங்க பக்கம் தாலிக்கு முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மத்த ரெண்டும் அவன் கூடப் பிறந்தவ போடணும், நாத்தனார் முடிச்சுன்னு. எனக்கு மகன் ஒருத்தன், சபேசன். அவனுக்கு ஒரே தங்கச்சி இவ. அந்த மாடி அறையில உட்கார்ந்து ஆறிப்போன சாம்பாரைப் பிசையும்போதே முடிவு பண்ணிட்டேன். என் மகன் கல்யாணம் இதே மண்டபத்துல நடக்கும். மேடையில அரசி முடிச்சுப் போடுவா. முன் வரிசையில சொர்ணம் உட்கார்ந்து அதைப் பார்ப்பா. இதைவிடப் பெரிய மேளமா வைப்பேன்.

என்ன சிரிக்கிறீங்க. நீங்களா இருந்தாலும் அதைத்தான் நினைச்சிருப்பீங்க.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு. ரேகாவுக்கு ஒரு பெண் குழந்தை. ரெண்டு வருஷம் முன்னால அதுக்குக் காது குத்து, நானும் இவளும் போயிருந்தோம். அப்ப ரெண்டு வயசு அதுக்கு. பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, திரும்பலை. சமையல்காரங்க வச்சிருந்த கரண்டியையெல்லாம் தரையில வரிசையா அடுக்குது. ஒரு கரண்டியை யாரோ நகர்த்தினாங்க, உடம்பை வில்லா வளைச்சு ஒரு அழுகை. சொர்ணம், "தூக்கம் வருது பிள்ளைக்கு"ங்கறா. ரேகா, "அவங்க அப்பா மாதிரி லேட்டாத்தான் பேசுவா"ங்கறா.

எனக்கு ஒரு பார்வை போதும். கரண்டி அடுக்கிறதைப் பார்த்ததுமே தெரிஞ்சுது.

சொல்லியிருக்கலாம். ஹெலன் டீச்சர் எப்பவும் சொல்றது, "சீக்கிரம் வந்தா எவ்வளவோ சொல்லிக் கொடுக்கலாம், பிள்ளையை நாமளும் சீக்கிரம் புரிஞ்சுக்கலாம்"னு. ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். பர்சுலதான் இருந்துச்சு. பர்சைத் திறந்துகூடப் பார்த்தேன். அப்ப சொர்ணம் ஒரு தட்டைக் கொண்டு வந்து, "அரசிக்கு உள்ளேயே கொடுத்துடு வடிவு, பந்தியில வேண்டாம்"னா. பர்சை மூடிட்டேன். ரெண்டு வருஷம் வாயைத் திறக்கலை. ஏன் திறக்கணும்? எனக்கு யார் சொன்னாங்க?

சரி, கல்யாணத்துக்கு வாரேன். பொண்ணு பேர் பிரவீணா, விருதுநகர். நிச்சயமானதுல இருந்து வாரா வாரம் எங்க வீட்டுக்கு வந்துடுவா. சபேசனைப் பார்க்க வரான்னு நினைச்சேன். இவ பக்கத்துல போய்த் தரையில உட்கார்ந்துக்குவா. போட்டோ எல்லாம் ஒட்டி ஒரு புத்தகம் பண்ணிக் கொண்டு வந்தா. மண்டப வாசல், மேடை, அரசி உட்காரப் போற நாற்காலி, மஞ்சள் கயிறு, வரிசையா. அதைப் புரட்டிப் புரட்டிக் காட்டுறா. அப்புறம் குடத்துக் கழுத்துல மஞ்சள் கயித்தைச் சுத்தி ரெண்டு பேரும் முடிச்சுப் போட்டு விளையாடுறாங்க. என் பிள்ளையைக் கைக்குள்ள போட்டுக்கப் பார்க்கிறான்னு எனக்குத் தெரியாதா. ஆனாலும் விட்டேன். காரியம் ஆகணும்ல.

பத்து நாள் இருக்கும்போது சம்பந்தியம்மா போன்ல மெல்ல ஆரம்பிக்கிறாங்க: "அரசிக்குக் கூட்டத்துல சிரமமா இருக்குமே. ரேகாவும் மாப்பிள்ளைக்குத் தங்கச்சி முறைதானே, அவளே முடிச்சைப் போட்டா என்ன." இதை இவங்க காதுல யார் போட்டிருப்பா? சொர்ணம்தான். சத்தியமா அவதான். அன்னைக்கு ராத்திரி டின்னுல கையை விட்டுப் பூட்டை எடுத்து எண்ணெய் போட்டேன். சும்மாதான். துருப்பிடிச்சிருந்துச்சு.

மேளம் ரெண்டு செட் சொன்னேன். நாலு தவில். சபேசன், "அம்மா, அரசிக்கு ஆகாதும்மா"ன்னான். "அவ காதுல பஞ்சு வச்சுடலாம். ஊருக்குக் கேட்கணும்"னேன். அவன் ஒண்ணும் பேசலை. பேசாம இருந்தா ஒத்துக்கிட்டான்னு நினைச்சேன், அங்கதான் ஏமாந்தேன்.

முகூர்த்தத்தன்னைக்கு மண்டப வாசல்ல ஒரு போர்டு. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கிடையாது, யாரும் கை தட்ட வேண்டாம், கையை உயர்த்தி அசைச்சு வாழ்த்துங்கன்னு எழுதியிருக்கு. மேளக்காரரைப் போய்க் கேட்டேன். "தம்பியும் பொண்ணும் சேர்ந்து வந்து சொன்னாங்கம்மா. முழுச் சம்பளமும் கொடுத்துட்டாங்க"ங்கறார். கெட்டிமேளம் இல்லாம எங்கேயாவது தாலி கட்டுவாங்களா? ஏழு வருஷமா நான் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டிருந்த மேளம் அது. பெத்த மகனே அதை நிறுத்திட்டான். அவளுக்காக நிறுத்தினோம்ங்கறான். அவளுக்காகத்தானே நானும் வச்சேன்.

அந்தக் கோபத்துல நிற்கிறேன். முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும். சொர்ணம் வரா. கையைப் பிடிச்சுக்கிட்டு, "வடிவு, ஒரு நிமிஷம் மாடிக்கு வா. தனியா உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்"ங்கறா.

என்ன கேட்பான்னு எனக்குத் தெரியாதா. ரேகா முடிச்சுப் போடட்டும்னு கேட்பா. மாடிக்குப் போனோம். அதே வராந்தா. அதே கடைசி அறை. கதவைத் திறந்து ஒரு கால் உள்ள வச்சு, "எப்படிக் கேட்கிறதுன்னு தெரியலை வடிவு, நீ இதெல்லாம் பட்டவ"ன்னா. "நீங்க உள்ள போங்கக்கா, இந்தா வாரேன்"னேன். போனா. கதவைச் சாத்தினேன். நாதாங்கி. பூட்டு. அதே பூட்டு. சாவியை இடுப்புல சொருகினேன்.

பூட்டு கல்யாணத்துக்கு எப்படி வந்துதுன்னு கேட்கிறீங்களா. பையிலேயே கிடந்துச்சு போல.

உள்ளே இருந்து "வடிவு, வடிவு"ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டா. அப்புறம் சத்தமே இல்லை. எனக்கே ஆச்சரியம். கத்துவா, கதவை உடைப்பான்னு நினைச்சேன். கத்தலை. ஏன் கத்தலைன்னு அப்ப எனக்குத் தெரியலை.

முன் வரிசையில உட்கார்ந்து பார்க்க வேண்டியவளை மாடியில பூட்டிட்டேனேன்னு படியிறங்கும்போதுதான் உறைச்சுது. பரவாயில்லைன்னு விட்டுட்டேன். எனக்குச் செஞ்சதுதானே.

மேடைக்கு வந்தேன். அரசி பிரவீணாவுக்குப் பின்னால, புத்தகத்துல இருந்த அதே நாற்காலியில உட்கார்ந்திருக்கா. பச்சைப் பாவாடை தாவணி. அவ்வளவு அமைதியா அவளை ஒரு கூட்டத்துல நான் பார்த்ததில்லை. சபேசன் தாலியைக் கையில எடுத்தான். மேளக்காரர் குச்சியைக் கீழ வச்சார். மண்டபமே சத்தமில்லாம, எல்லாருமே கையைத் தூக்கி அசைக்கிறாங்க, காத்துல இலை அசையற மாதிரி. முதல் முடிச்சைப் போட்டான். கயித்து நுனி ரெண்டையும் அரசி கையில கொடுத்தான்.

அப்பக் கேட்டுச்சு. மேல இருந்து. தப் தப் தப். நிறுத்தி, மறுபடியும் தப் தப் தப். சின்னக் கை. பெரியவங்க தட்டுற சத்தம் இல்லை அது.

எல்லாரும் கூரையைப் பார்க்கிறாங்க. மேளம் மட்டும் இருந்திருந்தா ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. இதைத்தான் நான் அவன்கிட்ட இன்னும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

அரசி கயித்தை அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்துட்டு எழுந்திரிச்சுட்டா. சொன்னா: "பாப்பா உள்ள இருக்கா. கதவைத் திற."

நான், "அது அவ எப்பவும் சொல்றதுதான், உட்காரு அரசி"ன்னேன். சபேசன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "இல்லைம்மா. எப்பவும் அரசின்னுதான் சொல்லுவா. இப்ப பாப்பான்னு சொல்றா."

முந்தின நாளே அரசி அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கா போல. ரேகா பிள்ளையைக் கொண்டாந்து மாடி அறையிலேயே வச்சிருந்தாங்க, யார் கண்ணுலயும் படாம. கேட்டவங்களுக்கு, "காய்ச்சல், சாத்தூர்லயே விட்டுட்டு வந்தோம்." அதான் சொர்ணம் கத்தலை. கத்தினா நாலு பேர் வருவாங்க, வந்தா பிள்ளையைப் பார்ப்பாங்க. நான் எப்படிங்க பார்க்கிறது? நான் சொர்ணம் முகத்தைத்தான் பார்த்தேன். உள்ள யார் இருக்காங்கன்னு நான் பார்க்கலை.

இவ நேரா என்கிட்ட வந்தா. இடுப்புல இருந்த சாவியை உருவினா. அது அங்க இருக்கிறதை எப்பப் பார்த்தாளோ. ஒரு பார்வையில எல்லாத்தையும் எடுத்துக்குவா. முந்நூறு பேர் முன்னால மேடையை விட்டு இறங்கி மாடிப்படி ஏறிப் போறா.

சம்பந்தியம்மா, "என்னங்க இது, நேரம் போகுதே. ரேகா, நீயாவது வாம்மா"ங்கறாங்க. ரேகா எங்க, அவதான் முகம் வெளிறிப் போய் மாடியைப் பார்த்து ஓடுறாளே. பிரவீணா குனிஞ்ச தலை நிமிராம, "அரசி வரட்டும்மா. எனக்குக் கழுத்து வலிக்கலை"ன்னா. சபேசன் கயித்து நுனியைப் பிடிச்சபடி நிற்கிறான். எனக்கு வாழ்க்கையில அவ்வளவு நீளமான மூணு நிமிஷம் கிடையாது.

இறங்கி வந்தா. இவ தாவணி நுனியைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் குழந்தை வருது, வெறுங்காலோட. பின்னால சொர்ணமும் ரேகாவும். இவ மேடைக்கு வந்து, நாற்காலியில உட்கார்ந்து, குடத்துல பழகின அதே முடிச்சு. ஒண்ணு. ரெண்டு. இழுத்துப் பார்த்துக்கிட்டா. எல்லாரும் கையைத் தூக்கி அசைச்சாங்க. அந்தக் குழந்தையும் கீழ நின்னுக்கிட்டுக் கையை அசைச்சுது.

நான் ஏழு வருஷமா நினைச்ச மாதிரியே சொர்ணம் முன் வரிசையில உட்கார்ந்தா. மடியில பேத்தி, ஊரே பார்க்க. ஆனா அவ அரசியைப் பார்க்கலைங்க. என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

பூட்டினது யாருன்னு யார்கிட்டயும் அவ சொல்லலை. அதுதான் எனக்கு இன்னும் எரியுது. சொல்லியிருந்தா ரெண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். அப்புறமா ரேகா மூலமா தெரிஞ்சுது, ஹெலன் டீச்சர் நம்பர் கேட்கத்தான் என்னை மாடிக்குக் கூப்பிட்டாளாம். முடிச்சைப் பத்தியே பேச வரலையாம். இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன.

சபேசனுக்கு அந்தச் சாவியைப் பார்த்ததே போதும், என்கூடச் சரியாப் பேசி பதினோரு நாள் ஆச்சு. "அந்த அறைக்குள்ள பகல் முழுக்க நீங்களும்தானே இருந்தீங்க. உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டான். பிரவீணா இன்னும் அத்தை அத்தைன்னு காபி போட்டுக் கொடுக்கிறா. அந்தக் காபிதான் இறங்க மாட்டேங்குது.

பதினோரு வருஷம் காத்திருந்த வார்த்தைன்னு சொன்னேனே. வந்துடுச்சு பார்த்தீங்களா. ஒரு வார்த்தையை எடுத்துட்டு, தானா இன்னொரு வார்த்தையைப் போட்டுட்டா. யாருக்காகப் போட்டா பாருங்க. அந்த வீட்டுப் பிள்ளைக்காக. டீச்சருக்கு நான் இன்னும் போன் பண்ணலை. எந்த இடத்துல, எதுக்குச் சொன்னான்னு கேட்பாங்களே.

அன்னைக்கு சாயங்காலம் இவ மறுபடியும் மாடிக்குப் போய்த் தேடி எடுத்துக்கிட்டு வந்ததுதான் இந்தச் செருப்பு. வராந்தாவுல துடைப்பம் வைக்கிற மூலையில கிடந்துச்சாம். அன்னையில இருந்து கீழ வைக்கலை. தூங்கும்போதும் தலைமாட்டுல. காலையில எழுந்ததும் என் முன்னால நீட்டுறா. அதான் கிளம்பிட்டேன். மனசு இளகிப் போறேன்னு நினைக்காதீங்க. டீச்சர் நம்பர் பர்சுல இருக்கு. கொடுக்கிறேனா இல்லையான்னு சொர்ணம் கதவைத் திறக்கிற விதத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன். பிரவீணா அந்தப் படப் புத்தகத்தையும் பையில வச்சு விட்டிருக்கா. கேட்காமலே வச்சுட்டா.

என்ன கேட்டீங்க? செருப்பு அந்த மூலைக்கு எப்படிப் போச்சுன்னா?

அது வாசப்படியிலேயே ஜோடியாக் கிடந்துச்சுங்க. கதவு சாத்த முடியலை, இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதான் நான் காலால அந்தப் பக்கம் ஒதுக்கி விட்டுட்டு...

சாத்தூர் வந்துடுச்சு. எழுந்திரு அரசி. பையை நான் எடுத்துக்கிறேன். செருப்பை நீயே வச்சுக்கோ.